பேவரிட் குதிரையும் ஆச்சியின் சீட்டும்

தீபாவளியும் கந்த சஷ்டியும் வரும் அதே பருவத்தில் மெல்பேர்ண் நகரத்துக்கு இன்னொரு திருநாளும் வந்து சேர்கிறது. நவம்பர் மாதத்து முதலாவது செவ்வாய்க்கிழமை பிளெமிங்டன் மைதானத்தில் ஓடும் மெல்பேர்ண் கப் பந்தயத்துக்காக நகரமே விடுமுறை எடுத்துக்கொள்கிறது. 1861ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம் இது. இன்று 3200 மீற்றர் தூரம். ஆகக் கூடியது 24 குதிரைகள். மூன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நம்மவர்களில் எத்தனையோ பேர் இந்நாட்டுக்கு வந்த முதல் ஆண்டிலேயே வேலைத்தலத்தில் ஒரு ஸ்வீப் சீட்டை எடுத்து, பெயரைச் சரியாக உச்சரிக்கவும் தெரியாத ஒரு குதிரைக்காக மூன்று நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கோயிலுக்கு வரும் குடும்பங்கள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்.

குதிரைப் பந்தயத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் ஒரு வாதத்தை எடுத்து ஆராய்வதே நோக்கம். அவர்கள் சொல்வது இது: "யாரும் எதிர்பாராத ஒரு குதிரைக்குக் காசைக் கட்டினால் அது சூது. எல்லோரும் வெல்லும் என்று சொல்லும் பேவரிட் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் வரும் என்று கட்டினால் அது சூதல்ல, வெறும் கணக்கு." மூத்தவர்கள் இதற்குச் சொல்லும் பதில், "சூது என்றால் சூதுதான், அதில் என்ன கணக்கு வேண்டிக் கிடக்கிறது?" என்பது. அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மூத்தவர் கணக்கைக் கேட்பதில்லை. இளையவர் கணக்குக்கு அப்பால் போவதில்லை. இரண்டும் போதாது என்பது என் எண்ணம். கணக்கை முழுவதும் போட்டுப் பார்த்தால் மூத்தவர்கள் அஞ்சும் இடத்தில் அல்ல, வேறோரிடத்தில்தான் பாவம் ஒளிந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆகவே முதலில் கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கும் நிகழ்தகவுக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. ஐந்து குதிரைகள் ஓடும் ஒரு சிறிய பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். இந்நாட்டு டோட் வழக்கப்படி ஐந்து முதல் ஏழு குதிரைகள் ஓடினால் முதல் இரண்டு இடங்களுக்கும், எட்டோ அதற்கு மேலோ ஓடினால் முதல் மூன்று இடங்களுக்கும் 'பிளேஸ்' பணம் உண்டு. நமது பந்தயத்தில் பேவரிட் வெல்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 40 என்போம். அடுத்த இரண்டு குதிரைகளுக்கும் தலா 20, கடைசி இரண்டுக்கும் தலா 10. பேவரிட் முதல் இரண்டு இடங்களுக்குள் வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு?

இதே பந்தயம் நூறு தடவை ஓடுவதாகக் கற்பனை செய்யுங்கள். 40 தடவை பேவரிட்டே முதலாவது. இன்னொரு 20 தடவை இரண்டாம் குதிரை வெல்கிறது. அந்த 20 தடவையிலும் இரண்டாம் இடத்துக்கு மிஞ்சியிருக்கும் நான்கு குதிரைகளும் போட்டியிடுகின்றன. அவற்றின் பங்குகளைக் கூட்டினால் 80. அதில் பேவரிட்டின் பங்கு 40, அதாவது சரிபாதி. எனவே 10 தடவை பேவரிட் இரண்டாவதாக வரும். மூன்றாம் குதிரை வெல்லும் 20 தடவையிலும் அவ்வாறே 10. நான்காம் குதிரை வெல்லும் 10 தடவையில் பேவரிட்டின் பங்கு 90க்கு 40. ஏறத்தாழ நாலரைத் தடவை. ஐந்தாம் குதிரைக்கும் அதுவே. எல்லாவற்றையும் கூட்டினால் 69க்குச் சற்றுக் குறைவு. ஆக, 'நிச்சயம்' என்று சொல்லப்படும் பேவரிட் நூற்றுக்கு 31 தடவை முதல் இரண்டு இடத்துக்குள்ளும் வருவதில்லை.

இவ்வாறு கணக்கிடும் முறையை டேவிட் ஹார்வில் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் 1973இல் ஒரு கட்டுரையாக எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அழகான கணக்குத்தான். ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வென்ற குதிரையை அழித்துவிட்டால் மிஞ்சியவை தங்கள் பழைய விகிதத்திலேயே நிற்கும் என்பது அது. பந்தய முடிவுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தவர்கள் அப்படி நடப்பதில்லை என்று கண்டார்கள். பேவரிட் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வரும் வாய்ப்பை ஹார்வில் முறை உண்மையைவிடக் கூட்டியே காட்டுகிறது. இதை யோசித்தால் விளங்கும். வெல்லக்கூடிய குதிரை தோற்கும் நாளில் ஒரே ஓர் இடம் மட்டும் பின்தள்ளப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கால் நோகிறது, நடுவில் அடைபட்டுவிட்டது, வேகம் முன்னதாகவே தீர்ந்துவிட்டது, இப்படி ஏதோ ஒன்று பிழைத்த நாளாகவே அது இருக்கக்கூடும். அப்படிப்பட்ட நாளில் அது ஏழாவதாகவும் வரும். 1981இல் ஹெனரி, 1990இல் ஸ்டேர்ன் ஆகிய அறிஞர்கள் இதைத் திருத்த வேறு முறைகளைத் தந்தார்கள். அவற்றைக் கையால் போட இயலாது; கணினி வேண்டும்.

பேவரிட் என்ற சொல்லுக்கு உதாரணம் வேண்டுமானால் ஃபார் லாப்பைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. நியூசிலாந்தில் பிறந்த சிவப்புக் குதிரை. மெல்பேர்ண் கப் பந்தயத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பேவரிட்டாக ஓடியது. 1929இல் மூன்றாவதாக வந்தது. 1930இல் வென்றது. அந்த முறை அதன் விலை 11க்கு 8. அதாவது 11 கட்டினால் 8தான் இலாபம். கப் வரலாற்றிலேயே இவ்வளவு குறைந்த விலைக்கு எந்தக் குதிரையும் ஓடவில்லை. அது வென்றுவிட்டால் தமக்கு நட்டம் என்று கண்ட யாரோ சிலர் கப் பந்தயத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை அதைத் துப்பாக்கியால் சுட முயன்றதும் அந்த ஆண்டில்தான்! 1931இல் எட்டாவதாக வந்தது. மெல்பேர்ண் கப் ஒரு பாரச்சமன் பந்தயம். கெட்டிக்காரக் குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றி எல்லாவற்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். 1931இல் ஃபார் லாப் சுமந்தது 68 கிலோ. (கெட்டிக்காரப் பிள்ளை என்று தெரிந்ததும் வயலின், மிருதங்கம், தேர்வுப் பள்ளிக்கான டியூஷன் என்று மேலும் மேலும் ஏற்றும் நம் வீடுகளின் நினைவு வருகிறது. அது வேறு கட்டுரைக்கு உரிய விடயம்.) ஒரே குதிரை, ஒரே மைதானம், மூன்று முறையும் பேவரிட், முடிவு மூன்று, ஒன்று, எட்டு. நூற்றுக்கு இத்தனை என்பது நூறு பந்தயத்தைப் பற்றிய பேச்சு. இன்று ஓடப்போகும் ஒரு பந்தயத்தைப் பற்றி அது தரும் வாக்குறுதி எதுவுமில்லை.

2014ஆம் ஆண்டு கப் பந்தயத்தின் பேவரிட் அட்மயர் ரக்தி என்ற ஜப்பானியக் குதிரை. அது கடைசியாக வந்தது. வந்து சற்று நேரத்தில் தன் கொட்டிலில் விழுந்து இறந்தது. அதற்குக் காசு கட்டியவர்கள் இழந்தது காசு. எந்த நிகழ்தகவுப் பட்டியலிலும் இதற்கு ஒரு நிரல் கிடையாது. குதிரையின் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வியை ஆராய்வதென்றால் அது தனியாகச் செய்யவேண்டிய வேலை. இங்கே அதைத் தொட்டுவிட்டு மட்டும் செல்கிறேன்.

இனி அந்த 40 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இதுதான் பலரும் கவனிக்காத இடம். அந்த எண்ணைக் குதிரை தருவதில்லை. மிருக வைத்தியரும் தருவதில்லை. காசு கட்டிய சனங்கள்தான் தருகிறார்கள். டோட் என்பது எல்லோருடைய காசையும் ஒரே பானையில் போட்டு, ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மிஞ்சியதை வென்றவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடு. இதைத் தானாகக் கணக்கிடும் இயந்திரத்தைச் செய்தவர் ஜோர்ஜ் ஜூலியஸ் என்ற பொறியியலாளர். அவருடைய தந்தையார் நியூசிலாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆயர். தேர்தலில் வாக்கு எண்ணுவதற்கென்றே மகன் முதலில் அந்த இயந்திரத்தை வடிவமைத்தார், அரசாங்கம் வேண்டாமென்றது, 1913இல் ஓக்லாந்து நகரத்து எலஸ்லி பந்தய மைதானத்தில் அது பந்தயக் காசை எண்ணத் தொடங்கியது. யோசித்துப் பார்த்தால் வேலை ஒன்றுதான். பானையில் 100 டொலர் விழுந்து, அதில் 40 டொலர் ஒரு குதிரையின் பெயரில் விழுந்திருந்தால், 'இது வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 40' என்று கூட்டம் வாக்களித்திருக்கிறது என்று பொருள்.

கூட்டத்தின் வாக்கு மோசமில்லை. பல பந்தயங்களைச் சேர்த்துப் பார்த்தால் உண்மைக்கு வியக்கத்தக்க அளவு கிட்ட நிற்கிறது. ஆனாலும் அதில் ஒரு கோணல் உண்டு. வெல்ல வாய்ப்பே குறைந்த குதிரைகளுக்குச் சனங்கள் தேவைக்கு மேல் காசு கட்டுகிறார்கள். பேவரிட்டுக்குத் தேவையைவிடக் குறைவாகக் கட்டுகிறார்கள். கிரிஃபித் என்ற உளவியலாளர் 1949இல் இதை எடுத்துக் காட்டினார். ஒரு டொலருக்கு நூறு டொலர் என்ற கனவுக்கு விலை அதிகம். ஒரு டொலருக்கு இருபது சதம் என்ற உண்மைக்கு விலை குறைவு. லொத்தர் சீட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை.

அப்படியானால் பேவரிட்டுக்குப் பிளேஸ் கட்டுவதுதானே புத்தி? அவசரப்பட வேண்டாம். நமது ஐந்து குதிரைப் பந்தயத்தில் பேவரிட்டின் பிளேஸுக்கு டோட் 1.20 டொலர் தருகிறது என்போம். ஒவ்வொரு டொலராக நூறு தடவை கட்டினால் 69 தடவை 1.20 கிடைக்கும், மொத்தம் 82 டொலர் 80 சதம். கட்டியதோ 100. பதினேழு டொலருக்கு மேல் போய்விட்டது. நட்டமில்லாமல் தப்புவதற்கே பிளேஸ் விலை 1.45க்குக் கிட்ட இருக்கவேண்டும். ஹார்வில் முறை கூட்டிக் காட்டுவதால் உண்மையில் அதற்கும் மேல் வேண்டும். இதிலுள்ள அபாயம் இளைஞர்களுக்குப் புரியவேண்டும். மூன்று தடவையில் இரண்டு தடவை வென்றுகொண்டே ஒருவர் தோற்றுக்கொண்டிருக்கலாம். அடிக்கடி கை நிறைவதால் கணக்குச் சரி என்ற எண்ணம் வரும். பை மட்டும் மெதுவாக வற்றும். திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய சூது, தோல்வியிலிருந்து தொடங்காமல் வெற்றியின் அபாயத்திலிருந்து தொடங்குவது ஏன் என்று பள்ளியில் படித்தபோது விளங்கியிருக்காது. பிளேஸ் பந்தயத்தின் கணக்கைப் போட்டால் விளங்குகிறது.

ஆனால் இதோடு நிறுத்தினால் இளைஞர்களின் வாதத்துக்கு நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். ஏனெனில் கணக்கை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய் உண்மையாகவே வென்றவர்கள் இருக்கிறார்கள். வெற்றிப் பானை வேறு, பிளேஸ் பானை வேறு. வெற்றிப் பானையில் கூட்டம் தந்த எண்களை எடுத்து, ஹார்வில் முறையால் பிளேஸ் வாய்ப்பைக் கணித்து, பிளேஸ் பானையில் பேவரிட்டின் மேல் விழவேண்டிய அளவு காசு விழாத பந்தயங்களில் மட்டும் கட்டுவது ஒரு வழி. கனடாவில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஸியெம்பாவும் டொனால்ட் ஹௌஷும் 1984இல் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். 1980களிலிருந்து ஹொங்கொங்கில் பில் பென்டர் போன்றவர்கள் கணினி கொண்டு இன்னும் விரிவாகச் செய்து பெரும் செல்வம் சேர்த்தார்கள். எனவே 'கணக்கால் வெல்லவே முடியாது' என்று மூத்தவர்கள் சொன்னால் அது உண்மையல்ல. நல்ல கணக்கும் நிறையப் பொறுமையும் உள்ள மிகச் சிலரால் முடியும்.

அந்தச் சிலர் வெல்லும் காசு யாருடையது என்பதுதான் என் கேள்வி. டோட் பானையில் வேறு எங்கிருந்தும் காசு வருவதில்லை. நெல் விளைந்து வந்ததன்று; பசு கறந்து வந்ததன்று. மற்றவர்கள் போட்ட காசு அது, அதுவும் கழிவு போக மிஞ்சியது. கணக்குத் தெரிந்தவர் எடுக்கும் ஒவ்வொரு டொலரும் கணக்குத் தெரியாத ஒருவர் போட்ட டொலர்.

இங்கே தமிழ்நாட்டின் வழக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974இல் சட்டம் இயற்றியது. கிண்டியில் பந்தயம் நடத்திய சென்னை ரேஸ் கிளப் தரப்பு அதை எதிர்த்து வழக்காடியது. வழக்கு நீண்டு, 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, முந்திய ஓட்டங்கள், ஓட்டுபவரின் திறமை ஆகியவற்றை ஆராய்ந்தே பந்தயம் கட்டப்படுகிறது. எனவே இது பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே, அதிர்ஷ்டம் சார்ந்த சூது அன்று என்பது அதன் சாரம். சட்டத்தின் நோக்கில் இது சரியாக இருக்கலாம். நான் வழக்கறிஞன் அல்லன். நம் இளைஞர்களும் இதே வாதத்தைத்தான் சொல்கிறார்கள்: அறிவு இருந்தால் அது சூதல்ல. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே, மனச்சாட்சியின் முன்னால், இந்த வாதம் தலைகீழாக நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. இருவருக்கும் ஒன்றும் தெரியாமல் காசு சுண்டிப் போட்டால் இருவரும் சமம். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் ஆடினால்? திறமை கூடக் கூடச் சூது குறையலாம். அதே அளவுக்கு வேறொன்று கூடுகிறது.

ஒரு சிறு கற்பனை வழக்கால் இதை விளக்கலாம். கப் தினத்தன்று ஒரு வீட்டில் 24 பேர் கூடியிருக்கிறார்கள். ஆளுக்கு 5 டொலர் போட்டு ஸ்வீப் எடுக்கிறார்கள். மொத்தம் 120. முதலாம் இடத்துக்கு 70, இரண்டாம் இடத்துக்கு 30, மூன்றாம் இடத்துக்கு 20. சீட்டுக் குலுக்கும் வரை எல்லோரும் சமம். யாருடைய சீட்டுக்கும் வெல்லும் வாய்ப்பு 24இல் ஒன்று, முதல் மூன்றுக்குள் வரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. குலுக்கியதும் நிலைமை மாறுகிறது. மூலையில் இருக்கும் ஓர் ஆச்சிக்குப் பேவரிட் விழுகிறது. ஆச்சிக்கு அது தெரியாது. கணக்கில் கெட்டிக்காரனான ஒரு தம்பிக்குத் தெரியும். பேவரிட் முதலாவதாக வர நூற்றுக்கு 20, இரண்டாவதாக வர 15, மூன்றாவதாக வர 12 என்று அவன் மனக்கணக்குப் போடுகிறான். எழுபதில் ஐந்திலொன்று 14. முப்பதில் நூற்றுக்குப் பதினைந்து நாலரை. இருபதில் நூற்றுக்குப் பன்னிரண்டு இரண்டு டொலர் 40 சதம். ஆக அந்த ஐந்து டொலர் சீட்டின் பெறுமதி இப்போது 21 டொலருக்குக் கிட்ட.

"ஆச்சி, உங்கட சீட்டை எனக்குத் தாறீங்களே? பத்து டொலர் தாறன்" என்கிறான். "ஐஞ்சுக்குப் பத்தோ? எடு ராசா" என்று ஆச்சி சந்தோஷமாகக் கொடுக்கிறார்.

தம்பி பொய் சொல்லவில்லை. வற்புறுத்தவில்லை. ஆச்சி முழு மனதோடு கொடுத்தார். போட்ட காசு இரட்டித்தது. சட்டம் இதில் ஒரு குற்றமும் காணாது. ஆயினும் இதை வாசிக்கும் எவருக்கும் உள்ளே ஏதோ ஒன்று உறுத்தும் என்று நம்புகிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள். பேவரிட் முதல் மூன்றுக்குள் வரும் வாய்ப்பு இங்கே 47தான். பாதிக்கு மேற்பட்ட தடவை அந்தச் சீட்டுக்கு ஒரு சதமும் கிடைக்காது. அப்போது தம்பி பத்து டொலரை இழப்பான். ஆச்சி "நல்ல காலம், வித்துப்போட்டன்" என்பார். தோற்றுவிட்டதால் தம்பி செய்தது சரியாகிவிடுமா? குதிரை வென்றால் மட்டும் பிழையாகிவிடுமா? பந்தயம் ஓடுவதற்கு முன்பே, சீட்டு கைமாறிய அந்தக் கணத்திலேயே, சரியோ பிழையோ முடிந்துவிட்டது. நிகழ்தகவு நமக்குச் செய்யும் பெரிய உபகாரம் இதுவென்று நினைக்கிறேன்: முடிவைப் பார்த்துச் செயலை மதிப்பிடும் பழக்கத்திலிருந்து அது நம்மை விடுவிக்கிறது.

"வியாபாரம் முழுவதும் இப்படித்தானே? வீடு வாங்குகிறவன் விற்பவனுக்கு எல்லாம் சொல்லிவிட்டா வாங்குகிறான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில் உண்டு. வீடு விற்பவர் மதிப்பீட்டாளரைக் கேட்கலாம், பக்கத்து வீட்டு விலையைப் பார்க்கலாம், அவர் போனபின் அந்த வீட்டில் ஒரு குடும்பம் வாழும். சீட்டுக் கைமாறியதால் உலகத்தில் புதிதாக எதுவும் உண்டாகவில்லை. ஆச்சியின் 11 டொலர் தம்பியின் பக்கத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். "காசு கட்டுகிறவர்கள் பொழுதுபோக்குக்குத்தானே கட்டுகிறார்கள், படம் பார்க்கக் கொடுப்பது போல" என்றும் சொல்வார்கள். கப் தினத்தில் இரண்டு டொலர் கட்டுகிறவரைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் பானையில் அவர் காசு மட்டும் இல்லை. இந்நாட்டுக் கூட்டாட்சி அரசின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு 1999இல் எல்லா வகைச் சூதாட்டத்தையும் சேர்த்து ஆராய்ந்தபோது, வயது வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலான, சூதால் சீரழிந்துகொண்டிருப்பவர்களிடமிருந்தே மொத்த இழப்பில் மூன்றிலொரு பங்கு வருவதாகக் கண்டது. பானைக்குள் விழுந்தபின் பொழுதுபோக்குக்காரரின் டொலரையும் வீட்டு வாடகையைக் கொண்டுவந்து கட்டியவரின் டொலரையும் பிரித்தறிய வழியில்லை. கெட்டிக்காரத் தம்பி எடுப்பது எந்த டொலர்?

நளன் கதையில் இதைப் பற்றி ஓர் இடம் வருகிறது. குதிரையையும் சூதாட்டத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைக்கும் கதை அது. நாடிழந்த நளன் வாகுகன் என்ற பெயரில் இருதுபர்ணனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். தேர் விரைந்து செல்கையில் வழியில் ஒரு தான்றி மரம். அதன் இலையும் காயும் இத்தனை என்று அரசன் நின்ற நிலையில் சொல்கிறான். நளன் நம்பாமல் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. பழங்காலத்தில் சூதாடியதே தான்றிக்காய்களை வைத்துத்தான் என்பதால் அந்த மரம் அங்கே சும்மா நிற்கவில்லை. எண்ணும் வித்தையும் சூதின் இரகசியமும் ஒன்றென்று அரசன் சொல்லி அதை நளனுக்குக் கற்பிக்கிறான். பதிலுக்கு நளன் குதிரைகளின் மனமறியும் வித்தையைத் தர உடன்படுகிறான். அந்த வித்தை வந்த கணத்திலேயே நளனைப் பிடித்திருந்த கலி வெளியேறுகிறான். 'அதிர்ஷ்டம் இன்று நம் பக்கம்' என்ற மயக்கம் எண்ணத் தெரிந்தவனிடம் தங்காது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இதுவரை கதை நம் இளைஞர்கள் பக்கம்.

பின்பு நளன் ஊர் திரும்பிப் புட்கரனை மறுபடி ஆட அழைக்கிறான். புட்கரன் மகிழ்ச்சியோடு வருகிறான். பழைய நளன்தானே என்ற நினைப்பு. எதிரே இருப்பவனுக்கு இப்போது வித்தை தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரே ஆட்டத்தில் எல்லாம் போய்விடுகிறது. பேவரிட் சீட்டை வைத்திருந்த ஆச்சியின் நிலைதான் அவனுக்கும், அவன் ஆச்சியைப் போல அப்பாவி அல்லன் என்பதைத் தவிர. இதன் பின் நளன் செய்வதைக் கதை சொல்கிறவர்கள் மன்னிப்பின் பெருமையாகச் சொல்வார்கள். புட்கரனின் உயிரை விட்டு, அவனுக்குரிய பங்கைத் திருப்பிக் கொடுத்து, தம்பி என்று தழுவி, அவன் ஊருக்கு அனுப்பிவைக்கிறான். எனக்கு இதில் மன்னிப்போடு இன்னொன்றும் தெரிகிறது. முன்பு தோற்றபோது அவனிடம் எண்ணும் வித்தை இல்லை. இப்போது எண்ணத் தெரிந்து ஆடி வென்றான். அப்படி வென்ற பொருள் முழுவதையும் தன்னுடையது என்று வைத்துக்கொள்ள அவனால் இயலவில்லை. தன் நாட்டை மீட்டுக்கொண்டான். புட்கரனுக்கு உரியதை அவனிடமே விட்டான்.

டோட்டில் வெல்லும் தம்பிக்கு இந்த வழி அடைத்திருக்கிறது. பானையில் போட்டவர்கள் யார் என்று தெரியாது. திருப்பிக் கொடுக்க ஒரு புட்கரன் இல்லை. ஸ்வீப்பில் அவ்வாறில்லை. ஆகவே 'கோயில் குடும்பங்கள் கூடும் இடத்தில் கப் தின ஸ்வீப் வைக்கலாமா' என்று கேட்கிறவர்களுக்கு, பலருக்கு வியப்பாக இருக்கக்கூடிய ஒரு பதிலைத்தான் நான் சொல்வேன். ஒருவருக்கும் எதுவும் தெரியாத, முழுக்க முழுக்க அதிர்ஷ்டமான அந்த ஐந்து டொலர் சீட்டு, நூல் கற்றுக் கணினி வைத்துக் கட்டும் பிளேஸ் பந்தயத்தைவிட எவ்வளவோ பாரம் குறைந்தது. ஆனால் சிறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு டொலர் நாளைக்கு இருபதாகும் என்ற மூத்தவர்களின் அச்சம் அதனால் தீர்ந்துவிடாது. அதைக் குடும்பம் குடும்பமாகத்தான் யோசிக்கவேண்டும்.

சீட்டைக் கைமாற்ற விரும்பும் தம்பி மட்டும் ஆச்சிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, 14, நாலரை, 2.40 என்று கூட்டிக் காட்டிவிட்டு விலை கேட்கட்டும். கூட்டல் விளங்கினபின் ஆச்சி 18 கேட்பாரோ, 25 கேட்பாரோ, "என்ர குதிரை என்னோடேயே இருக்கட்டும்" என்பாரோ, அது ஆச்சியின் இஷ்டம்.